என்னை அளக்க வந்த பிள்ளை: வீடு தேடி வரும் முதியோர் மதிப்பீட்டுச் சேவை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்த பிள்ளை கெட்டிக்காரி, அறிக்கை சுமார், அலுவலகம் மோசம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரக் கணக்குப் போட என்னால் முடியாது. வயதான ஒருவர் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தானே செய்துகொள்கிறார், எதற்கு ஆள் துணை வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் சேவை இப்போது கொழும்பில் சில இடங்களில் கிடைக்கிறது. நான் எடுத்தது அப்படி ஒரு தனியார் நிறுவனத்திடம். பெயர் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் குறை நிறைகள் யாரிடம் போனாலும் கேட்டுப் பார்க்க வேண்டியவை என்பதால் பெயர் பெரிதில்லை. கட்டணம், தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு விசேட வைத்திய நிபுணரை இரண்டு மூன்று தடவை சனல் பண்ணிப் பார்க்கும் செலவுக்குக் கிட்ட வரும். அதை லண்டனில் இருக்கும் மகள் கட்டினாள். அதுதான் பிறகு பிரச்சினையாகவும் போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு வயது 77. நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தியத்தலாவையில் பயிற்சி, பிறகு வவுனியா, அநுராதபுரம், மட்டக்களப்பு என்று காடும் வயலும், கடைசிக் காலத்தில் நாரஹேன்பிட்டி கிருல வீதித் தலைமை அலுவலகம். சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து செய்மதியைக் கேட்டு அளக்கும் காலம் வரைக்கும் பார்த்தாயிற்று. யாராவது அளவுநாடாவோடு வீட்டுக்குள் வந்தால் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன், தொழில் பழக்கம் விடாது. மனைவி காலமான பிறகு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் தனியே இருக்கிறேன். "அப்பா, ஒரு ஆளை வைச்சிருங்கோ" என்று மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வாள். "எதுக்கு?" என்று நான் கேட்பேன். ரெண்டு பேரும் ஊகத்தில் கதைக்கிறோம், ஒருக்கால் அளந்து பார்த்துவிடுவோம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம்.

வந்தவள் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள உதவுகிற சிகிச்சையாளர்), முப்பது வயதிருக்கும், திருகோணமலைப் பிள்ளை. காலையில் நான் குளிப்பதற்கு முன்னமே வந்துவிட்டாள். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியது அவள்தான். "அங்கிள், நீங்கள் வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்கோ. நான் ஒரு பக்கத்தில நிக்கிறன்" என்றாள். இந்த ஒரு வசனத்துக்காகவே காசு கொடுக்கலாம். பல இடங்களில் இந்தப் படிவங்களை மேசையில் வைத்து, வாயால் கேட்டு, ஆம் இல்லை என்று அடையாளம் போட்டு முடித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கேட்டால் என் வயதுக்காரன் என்ன சொல்வான்? எல்லாம் நானே செய்கிறேன் என்பான். பிள்ளைகளிடம் கேட்டால் அப்பாவால் ஒன்றும் ஏலாது என்பார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் உண்மை வந்துவிடாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

அவள் நேரே போனது குளியலறைக்கு. ஏன் அங்கிருந்து தொடங்குகிறாய் என்று கேட்டேன், காரணம் சொன்னாள். பிறகு நானும் தேடி வாசித்தேன். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட பட்டியலில் ஆறே ஆறு விடயம்தான்: குளிப்பது, உடுப்பது, மலசலகூடம் போய் வருவது, கட்டில் கதிரையிலிருந்து எழும்பி மாறுவது, மலசலத்தை அடக்கி வைத்திருப்பது, சாப்பிடுவது. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி போடுகிறார்கள். கிளீவ்லண்டில் இடுப்பெலும்பு முறிந்த வயோதிபர்களையும் வேறு நோயாளர்களையும் கவனித்தபோது, இந்த ஆறும் கண்டபடி போவதில்லை, ஒரு ஒழுங்கில் போகின்றன என்று அவரும் கூட இருந்தவர்களும் கண்டார்கள். குளிப்பதுதான் முதலில் கைவிடும். தன் கையால் சாப்பிடுவது கடைசி வரை நிற்கும். நோய் தணிந்து திரும்பி வரும்போது இதே ஒழுங்கு தலைகீழாக வரும், குழந்தை ஒவ்வொன்றாகப் பழகுவது போலவே. ஆகவே ஒரு வீட்டில் ஏதாவது பிழைக்கத் தொடங்கியிருந்தால் அதன் முதல் தடயம் குளியலறையில்தான் இருக்கும். கட்டிடத்தில் ஈரம் எங்கே ஊறுகிறது என்று தெரிந்துகொண்டு தேடுகிற மேசன் மாதிரி அவள் அங்கே போய் நின்றாள்.

(குளிக்கும்போது அவள் உள்ளே வரவில்லை, பயப்பட வேண்டாம். உடுப்போடு, தண்ணீர் இல்லாமல், எப்படி ஏறி இறங்குவேன், எதைப் பிடிப்பேன், சவர்க்காரம் விழுந்தால் எப்படி எடுப்பேன் என்று செய்து காட்டச் சொன்னாள். பிறகு நான் தனியே குளித்து வெளியே வந்தபின் முதுகு ஈரமாக இருக்கிறதா, துவாய் அங்கே எட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.)

குளியலறை வாசலில் ஓர் உயரமான படி இருக்கிறது. தண்ணீர் வெளியே வராமல் கட்டியது. இத்தனை வருடமாக அதைத் தாண்டிப் போகிறேன். நான் அதைத் தாண்டும்போது இடது கையால் கைகழுவும் பேசினின் விளிம்பைப் பிடிக்கிறேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். "அங்கிள், அந்த பேசின் உங்களைத் தாங்குறதுக்குப் பூட்டினது இல்லை" என்றாள். பென்சிலால் சுவர் ஓட்டில் இரண்டு அடையாளம் போட்டாள்: ஒன்று படிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற கைபிடிக்கு, மற்றது கொமட்டுக்குப் பக்கத்தில் கிடையாக. என்னை நிற்க வைத்து, கை தானாகப் போகிற இடத்தில் போட்டாளே தவிர, புத்தகத்து உயரத்தில் போடவில்லை. அதன்பிறகு வந்த மேசனுக்கு நான் வேறு ஒன்றுமே விளக்க வேண்டியிருக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியதில் உருப்படியான பொருள் எது என்று கேட்டால் அந்த இரண்டு பென்சில் கோடுகளைத்தான் சொல்வேன்.

உடுப்பதிலும் சாப்பிடுவதிலும் கொஞ்சம் பகிடி. அவள் பாவித்த இன்னொரு அளவுகோல் பார்தெல் சுட்டி. 1965இல் மேரிலாந்தில் புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டொரத்தியா பார்தெல் என்ற இயன்மருத்துவரும் வெளியிட்டது, பத்து விடயம், மொத்தம் 100 புள்ளி. அதில் உடுப்பது என்றால் பொத்தான், சிப், சப்பாத்து லேஸ் எல்லாம் வரும். சாப்பிடுவது என்றால் வெட்டுவது, பட்டர் பூசுவது. நான் சாரம் கட்டி, வெளியே போனால் செருப்பு போடுகிறவன். வேலை செய்த காலத்துச் சப்பாத்து அலுமாரிக்குள் காய்ந்து போய்க் கிடக்கிறது. பாணும் பட்டரும் என் வீட்டில் எப்போதாவது. அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? சாரத்தை அவிழாமல் கட்டுகிறேனா, சேட்டின் மேல் பொத்தானைக் கண்ணாடி பார்க்காமல் போடுகிறேனா என்று பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் நிற்க முடியாது என்பதால், முதல்நாள் இரவு மீன்குழம்பில் என்ன மீன், முள்ளை எப்படி எடுத்தேன் என்று விசாரித்தாள். விளைமீன், முள் பெரிசு, பிரச்சினையில்லை என்றேன். "சின்ன முள்ளு மீன் இப்ப வாங்கிறேல்லையா?" என்றாள். வாங்குவதில்லைதான். கண்ணில் கற்றறாக் (கண்புரை) இருக்கிறது, கொஞ்சக்காலமாக முள்ளுக் கூடின மீனைக் கையே விலக்கிவிட்டது. படிவத்தில் அதற்கு இடமில்லை, சாப்பிடுவதற்கு முழுப் புள்ளி 10 விழுந்தது. ஆனால் ஓரத்தில் கண் டொக்டரிடம் காட்டச் சொல்லி எழுதினாள். முள்ளில் இருந்து கண்ணுக்குப் போகிற கெட்டித்தனம் எந்தப் படிவத்திலும் அச்சடிக்கப்பட்டு வருவதில்லை.

பார்தெலில் எனக்கு 95. குறைந்த 5 மாடிப்படியில். ஒரு மாடி இறங்கி ஏறச் சொன்னாள். ஏறினேன். ஆனால் இடையில் நின்று, கைபிடியை இறுக்கிப் பிடித்து, அவள் பின்னால் நிற்கிற தைரியத்தில் ஏறினேன் என்பது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். 10க்கு 5. நியாயமான புள்ளி. நான் வழக்காடியது வேறு விடயத்துக்கு. "பிள்ளை, நான் மாடிப்படியே ஏறுறேல்லை, லிஃப்டிலதான் போறன். பிறகு ஏன் இது?" என்றேன். அதற்கு அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மனிதரின் செயற்பாடு, இயலாமை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த வகைப்பாட்டில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறார்களாம்: ஒருவரால் செய்யக்கூடியது ஒன்று, தன் சொந்த இடத்தில் அவர் உண்மையில் செய்வது இன்னொன்று. லிஃப்ட் ஓடுகிற நாளில் அந்த இடைவெளி உங்களுக்குத் தெரியாது, நின்றால் தெரியும் என்றாள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் ஞாபகம் வந்தது. எங்கள் தொடர்மாடி ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான் அப்போது மூன்று வயது இளையவன், அப்படியிருந்தும் பால்மா வாங்கக் கீழே இறங்குவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே பிளேன்ரீ குடித்தேன். ஆக அந்த 5 புள்ளி வெறும் காகிதப் புள்ளி இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஊரில், அளவெட்டியில், எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. திருவிழாவுக்கு யாழ்தேவியில் போய் வருவேன். அங்கே கிணற்றடிக் குளிப்பு, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். மலசலகூடம் குந்தி இருக்கிற வகை. இதே உடம்பை அங்கே கொண்டுபோய் வைத்து அளந்தால் பார்தெலில் 95 வராது. குளிப்பதற்கு 5 போகும், மலசலகூடத்தில் பாதி போகும். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, இடம்தான் மாறியது. நான் இருந்த தொழிலில் எந்த அளவையும் எந்த நிலையத்திலிருந்து எடுத்தது என்று எழுதாமல் களப் புத்தகத்தில் பதிந்தால் மேலதிகாரி பக்கத்தையே கிழிப்பார். இந்த அறிக்கையில் எங்குமே "வெள்ளவத்தை வீட்டில், கொமட்டும் ஷவரும் லிஃப்டும் உள்ள நிலையில்" என்று எழுதப்படவில்லை. 95 என்றால் 95, உலகம் முழுவதும் 95 என்கிற மாதிரி. அடுத்த தடவை அதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு நடை. கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து, இருக்க வேண்டும். செக்கன் கணக்கு. 1991இல் கனடாவில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் செம்மைப்படுத்தியது. எளிமையான சோதனை, சாமான் ஒன்றும் தேவையில்லை, எனக்கு நிரம்பப் பிடித்தது. அவள் தரையில் மாஸ்க்கிங் ரேப் ஒட்டியதும் நான் என் உருக்கு நாடாவை எடுத்து வந்து சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டு, "அங்கிள், பாஸா?" என்றாள். கைபிடியுள்ள கதிரை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள், வழக்கமாகப் போடுகிற செருப்போடு நடக்கச் சொன்னாள், ஒரு தடவை ஒத்திகை பார்த்தபின்தான் நேரம் எடுத்தாள். செய்முறையில் பிழை சொல்ல ஏதுமில்லை. 13 செக்கன் வந்தது.

இந்த 13ஐ வைத்துத்தான் அறிக்கையில் கூத்து. சிவப்புப் பெட்டி, உள்ளே "விழும் அபாயம் அதிகம்". அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்களின் வழிகாட்டியில் 12 செக்கனும் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை என்று இருக்கிறது, உண்மை. ஆனால் வீட்டில் வசிக்கும் முதியவர்களை வைத்துச் செய்த, பலரும் எடுத்துக்காட்டுகிற வேறோர் ஆய்வில் கோடு 13.5 செக்கனில் விழுகிறது. ஒரு கோட்டின்படி நான் சிவப்பு, மற்றதன்படி பச்சை. கைத்தொலைபேசியில் விரலால் அமுக்கி எடுக்கிற நேரத்தில் அரைச் செக்கன் இப்படி அப்படிப் போவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? காலையில் மூட்டு இறுகியிருக்கும், பத்து மணிக்கு இளகிவிடும், அதற்கும் ஒரு செக்கன் உண்டு. எந்த அளவும் தன் பிழையளவோடுதான் அளவு. 13 என்று எழுதுங்கள், கூடவே என்ன நேரத்தில், எந்தக் கதிரையில் என்று எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அதே கதிரையில் திரும்ப எடுங்கள். 13 பிறகு 16 ஆனால் நானே பயப்படுவேன். ஒற்றை வாசிப்புக்குச் சிவப்புப் பூசுவது எனக்கு ஒப்பவில்லை.

கைப்பிடி வலிமையையும் ஒரு கருவியை நெரிக்கச் சொல்லிப் பார்த்தாள். 26 கிலோ. ஆசிய ஆண்களுக்கு 28க்குக் கீழே வந்தால் குறைவு என்று 2019இல் வகுத்திருக்கிறார்கள். ஊறுகாய்ப் போத்தல் ஏன் திறபடுவதில்லை என்பதற்கு விடை கிடைத்தது, அவ்வளவுதான்.

குசினிக்கு வருவோம். எனக்கும் படிவத்துக்கும் நேரடிச் சண்டை வந்தது இங்கேதான். காட்ஸின் ஆறும் உடம்பைப் பற்றியவை. வீடு நடத்துவதைப் பற்றிய பட்டியல் 1969இல் பவல் லோட்டனும் இலேன் புரோடியும் தந்தது: தொலைபேசி, கடைச்சாமான், சமையல், வீட்டு வேலை, உடுப்புத் தோய்த்தல், பயணம், மருந்து, பணம் என்று எட்டு. ஆனால் அவர்கள் காலத்தில் ஆண்களுக்குச் சமையலும் வீட்டு வேலையும் தோய்த்தலும் கணக்கில் எடுக்கவில்லை, அந்த மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் புள்ளி. 1969இல் அமெரிக்க ஆம்பிளை சமைத்தானோ இல்லையோ எனக்குத் தெரியாது. நாரஹேன்பிட்டியிலிருந்து வந்தபின் சோறு காய்ச்சாமல் என்னால் சாப்பிட முடியாது என்பது மட்டும் தெரியும், மனைவி படுக்கையில் இருந்த காலம் முழுக்க இரண்டு பேருக்கும் நான்தான் உலை வைத்தேன். இந்தக் கொம்பனி இன்றைக்கும் அந்தப் பழைய முறையையே வைத்திருக்கிறது. அவள் பேனாவால் மூன்று வரியையும் வெட்டத் தொடங்கியதும், "நில்லு பிள்ளை, அதை ஏன் வெட்டுறாய்?" என்றேன். "ஆம்பிளையளுக்கு இது பாக்கிறேல்லை அங்கிள், சிஸ்ரம் அப்பிடித்தான்" என்றாள். "அப்ப இந்த மீன்குழம்பை வைச்சது ஆர்?" என்று சட்டியைத் திறந்து காட்டினேன். மணத்துக்கே அவள் விழுந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எட்டும் நிரப்பினாள். அவர்களின் கணினி ஐந்துக்குத்தான் கணக்குப் போடும் என்பதால் அறிக்கையில் "5க்கு 4", அவள் கைப்பட எழுதித் தந்த தாளில் "8க்கு 7".

தனியே இருக்கும் ஆம்பிளைக்கு வெட்டப்பட்ட அந்த மூன்றும்தான் முக்கியமானவை என்பது என் கட்சி. பார்தெலில் 100 வாங்கியவன் உதவியாளர் இல்லாமல் சமாளிப்பான், ஆனால் அவனால் சமைத்து வீடு நடத்தித் தனியே வாழ முடியும் என்று அதற்கு அர்த்தமில்லை என்று அதை உண்டாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உடுத்து, குளித்து, நடந்து திரிகிற எத்தனையோ கிழவர்கள் மனைவி போன மாதமே பாணும் பிஸ்கற்றுமாக மெலிந்து போவதை இந்தத் தொடர்மாடியிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் படிவம் முழுப் புள்ளி கொடுக்கும்.

நான் இழந்த ஒரு புள்ளி எதில் என்றால், கடைச்சாமான். லோட்டன் கணக்கில் எல்லாச் சாமானையும் தானே போய் வாங்கினால்தான் 1, சில்லறைச் சாமான் மட்டும் வாங்கினால் 0. மாதச் சாமானை நான் போனில் சொல்ல, கடைப் பெடியன் கொண்டுவந்து தருகிறான். மீன்காரர் வாசலுக்கு வருகிறார். மரக்கறிக்கு மட்டும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்து போவேன். இது இயலாமையா, வசதியா? நாப்பது வயது டொக்டர்களும் இங்கே சாமானைப் போனில்தான் எடுப்பிக்கிறார்கள். அவளிடம் கேட்டேன். "விதி அப்பிடி" என்று 0 போட்டாள். பரவாயில்லை, விதிப்படி நடந்தாள். தொலைபேசி வரியும் அப்படித்தான்: இலக்கம் பார்த்துச் சுழற்றுகிற காலத்துக் கேள்வி. பேத்தியோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறேன், பிக்மீ செயலியில் ஓட்டோ கூப்பிடுகிறேன், அதற்கும் அதே ஒரு புள்ளிதான். பயணத்துக்கு ஓட்டோ பிடித்துப் போனாலும் முழுப் புள்ளி உண்டு. ஆனால் காலி வீதியால் போகிற 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுவதை விட்டு எவ்வளவோ காலம், பஸ் முழுசாக நிற்காது, கொண்டக்டர் "நகின்ன நகின்ன" (ஏறுங்கோ ஏறுங்கோ) என்று சிங்களத்தில் கத்துவார், ஒரு கால் உள்ளே வைத்ததும் வீதி ஓடத் தொடங்கும். அது என் முழங்காலின் குறையா, பஸ்ஸின் குறையா என்று எந்த வரியில் எழுதுவது? அவள் அதற்கும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். இந்தப் பிள்ளையின் மதிப்பே ஓரக் குறிப்புகளில்தான்.

மருந்தில் ஒரு விடயம், உங்கள் வீட்டுக்கும் உதவும். வேறு யாராவது நாளுக்குநாள் பிரித்துப் பெட்டியில் போட்டு வைத்து, அதை எடுத்து விழுங்குகிறவருக்கு லோட்டனில் 0. தானே பார்த்துச் சரியான நேரத்தில் சரியான அளவு எடுத்தால்தான் 1. என்னிடமும் ஏழு நாள் பெட்டி இருக்கிறது. ஆனால் அதை நிரப்புவது நான். பெட்டியைக் கண்டதும் 0 போடாமல், முழுவதையும் கொட்டி மறுபடி நிரப்பச் சொல்லி, பிரஷர் குளிசையையும் கொலஸ்ட்ரோல் குளிசையையும் நிறம் பார்த்தா, பெயர் வாசித்தா போடுகிறேன் என்று நின்று பார்த்தாள். நிறம் பார்த்துத்தான். பார்மசியில் கொம்பனி மாற்றித் தந்தால் நிறமும் மாறும் என்று எச்சரித்தாள். அன்றிலிருந்து அட்டையைப் பெட்டிக்குள்ளேயே வெட்டி வைக்கிறேன்.

கேட்காமல் விட்டதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை. வெங்காயம் வெட்டுவதற்கு இப்போது முக்காலியில் இருக்கிறேன், சமையல் முன்னைய நேரத்தைப் போல இரண்டு மடங்கு, முடிந்தபின் அரைமணி சாய்ந்து கிடக்க வேண்டும். காகிதத்தில் அது "தானே செய்கிறார்". அப்புறம், வீட்டுக்கு வெளியே ஒரு மனுசன் எங்கே போகிறான் என்பது. வெள்ளிக்கிழமை மயூராபதி அம்மன் கோயில், வசதிப்பட்டால் தமிழ்ச் சங்க நூலகம். இவை நின்று போனால்தான் எனக்கு வயது போய்விட்டது என்று நான் கணக்கெடுப்பேன். அவள் அதைக் கதையோடு கதையாகக் கேட்டாள், எழுத இடமில்லை.

இனி அலுவலகம். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மொத்தப் புள்ளிகள், சிவப்பு மஞ்சள் பச்சை. ஒவ்வொரு விடயத்துக்கும் என்ன புள்ளி என்கிற அட்டவணை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். ஓரக் குறிப்புகள் ஒன்றையும் காணோம். அதைவிடப் பெரிய விடயம், அது எனக்கு வரவில்லை. காசு கட்டியவர் என்று மகளின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. என் குளியலறை, என் சிறுநீர்ப்பை, என் வங்கிக் கணக்கை நானே பார்க்கிறேனா இல்லையா, எல்லாம் அவள் லண்டனில் ரயிலுக்குள் இருந்து வாசித்துவிட்டு, அழாக்குறையாக எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். மகளில் பிழையில்லை. அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டால், "சேர், கஸ்டமர் அவங்கதானே" என்கிறார்கள். ஒருவர் எவ்வளவு சுயமாக இருக்கிறார் என்று அளந்துவிட்டு, அந்த விடையை அவரிடமே கொடுக்காமல் விடுகிற நிறுவனத்தை என்ன சொல்வது.

கடைசிப் பத்தியில் சிபாரிசு: பகல் நேரப் பராமரிப்பாளர் ஒருவர் தேவை. அதன் கீழேயே அதே நிறுவனத்தின் பராமரிப்பாளர் கட்டண விபரம். வந்த பிள்ளையிடம் போனில் கேட்டேன். அவள் எழுதியது கைபிடி இரண்டு, கண் பரிசோதனை, கால் தசைக்குப் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் கனமான வேலைக்கு ஆள். "பகல் முழுக்க ஆள் வேணும் எண்டு நான் எழுதேல்லை அங்கிள்" என்றாள், அதற்கு மேல் பேச அவளுக்குச் சங்கடம், நானும் வற்புறுத்தவில்லை. காணியை அளக்க வந்தவனே அந்தக் காணிக்கு விலையும் பேசினால் எங்கள் தொழிலில் அவனை யாரும் வரப்புக்குக் கிட்ட விடமாட்டார்கள். மதிப்பீடும் ஆள் சப்ளையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடத்தில் சேவை எடுப்பவர்கள் இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் உப்புப் புளி பார்த்து வாசியுங்கள்.

மகளும் நானும் ஒரு ஞாயிறு முழுக்க அந்த அட்டவணையை வரி வரியாகப் பார்த்தோம். மொத்தத்தைப் பார்த்து அழுதவள் வரிகளைப் பார்த்ததும் தெளிந்துவிட்டாள். படி, குளியலறை வாசல், கனமான சாமான், இந்த மூன்றில்தான் விடயம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். கைபிடி பூட்டியாயிற்று. பின்மாடியில் இருக்கும் ஒரு அம்மா சனிக்கிழமைகளில் வந்து வீடு துடைத்து, தேங்காய் துருவி வைத்துவிட்டுப் போகிறார். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிற பயிற்சியைக் காலை செய்தி கேட்கும்போது செய்கிறேன். பகல் ஆள் இப்போதைக்கு இல்லை. கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்திருக்கிறது.

எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில விடயம். அரசாங்கத்தில் இது இலவசம்: பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ராகமையில் உள்ள புனர்வாழ்வு ஆஸ்பத்திரியிலும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதம், எலும்பு முறிவு என்று போனால் இதே அளவுகோல்களால்தான் பார்ப்பார்கள், ஆனால் உங்கள் குளியலறைப் படியை அங்கே பார்க்க முடியாது. தனியாரிடம் போவதானால் நேரம் பதியும்போதே தமிழ் பேசுகிறவரைக் கேளுங்கள், காலையில் வரச் சொல்லுங்கள், அறிக்கை அளக்கப்படுகிறவரின் பெயருக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள், ஆம்பிளையானால் எட்டு விடயமும் நிரப்பச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பதில் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்தில் மறு அளவைக்கு அதே பிள்ளைதான் வர வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன், அலுவலகம் இன்னும் பதில் போடவில்லை. இந்த முறை காசு நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.